மூக்குக்குக் காவல்

மாட்டுக்குக் காவல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாந்தோப்புக்குக் காவல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். காற்றுக்குக் காவல் இருந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலக வாட்ச்மேன், மூக்கு நைனா.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் அலுவலகத்தில் திருடுவதற்கு ஒன்றுமே கிடையாது. அதனால் நைனா பெரும்பாலும் தூங்குவார். ஒரு நாள் சென்னையிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்து, காற்றில் எவ்வளவு தூசியும் புகையும் இருக்கிறதென்று அளக்கும் கருவியை எங்கள் மொட்டைமாடியில் பொருத்தினார். ஒரு பெட்டி, மேலே தொப்பி போட்ட குழாய், முன்னால் சின்னத் திரை. காற்று நன்றாக இருந்தால் திரை பச்சை, கெட்டால் சிவப்பு.

"பெரியவரே, இதுதான் உங்க ஊரோட மூக்கு. பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றோடு நைனாவின் தூக்கம் போயிற்று.

மறுநாளே மூக்குக்கு மரியாதை செய்வதாக மொட்டைமாடியை விளக்குமாற்றால் விளாசினார். திரை சிவந்தது. பதறிப்போய்த் தன் வேட்டியை நனைத்துப் பெட்டியின் மேல் போர்த்தினார். திரை பச்சையோ பச்சை. அந்த வாரம் முழுக்க எங்கள் ஊர்க் காற்று இமயமலைக் காற்றைத் தோற்கடித்தது. கருவி அனுப்பும் கணக்கைச் சென்னையில் பார்த்துச் சந்தேகப்பட்ட இன்ஜினியர் ரயிலேறி வந்துவிட்டார்.

"தூசியை அளக்குற மிஷினைத் தூசி படாம மூடி வெச்சா எப்படிங்க?"

"நீங்கதானே சார் மூக்குன்னீங்க? மூக்குல தூசி பூந்தா தும்மாதா?"

ஈர வேட்டியை நைனா கையில் கொடுத்துவிட்டு, இன்ஜினியர் அடுத்த ரயிலைப் பிடித்தார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டம், பஸ் புகை, கற்பூரம். மூக்கு காலையிலிருந்தே சிவந்து கிடந்தது. நைனா மலையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"முருகா, காத்தைக் கொஞ்சம் ஆந்திரா பக்கம் திருப்பிவுடுப்பா!"

முருகன் இரண்டு மாநிலத்துக்கும் பொது, திருப்பவில்லை. திருஷ்டிதான் என்று முடிவுகட்டிய நைனா, கோயில் விபூதியைக் கொண்டுவந்து குழாயருகே பூவென்று ஊதினார். சற்று நேரத்தில் அலுவலகப் போன் அலறியது.

"மேடம், அங்க எரிமலை ஏதாவது வெடிச்சிடுச்சா?" என்றார் இன்ஜினியர்.

"இல்லை சார், விபூதி" என்றேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் நான் இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வீசிங். அலுவலகத்தின் பின்சந்தில் பழக்கடைக்காரர் ஒருவர் தினமும் காலையில் பிளாஸ்டிக் பைகளையும் அட்டைகளையும் குவித்துக் கொளுத்துவார். கெஞ்சினேன், சண்டை போட்டேன். சிரிப்பார். ஒரு நாள் பேச்சே வராமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். திரை சிவந்ததைப் பார்த்து இறங்கி ஓடிவந்த நைனா, என்னையும் பார்த்தார். குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் பாய்ந்தார்.

"இன்னாபா கொளுத்திகினு கீற? மூக்கு செவந்துபோச்சு!"

"உன் மூக்கு செவந்தா எனக்கின்னா நைனா?"

"அந்தம்மா மூச்சுக்கு அல்லாடுனா இந்த சந்தோட போச்சு. மூக்கு அல்லாடுனா மெட்ராஸ்ல தெரியும். எந்தக் கடை, யாரு கொளுத்துனது, அல்லாம் தெரியும்!"

கடைசி வாக்கியம் முழுப் பொய். ஆனால் பழக்கடைக்காரர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். தொப்பி போட்ட குழாய் அவரையே முறைத்தது. குடத்தை அவரே வாங்கி நெருப்பில் ஊற்றினார். மறுநாளிலிருந்து குப்பை ஒழுங்காக நகராட்சி வண்டியில் ஏறியது.

சில மாதங்களில் கருவியைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நைனா அன்று சாப்பிடவில்லை. இனிப் புகைதான் என்று மறுநாள் பயந்துகொண்டே வந்தேன். புகை இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால், அதே இடத்தில் ஓர் எண்ணெய் டின். டின்னின் தலையில் பிளாஸ்டிக் குழாய். குழாயின் தலையில் புனல். பழக்கடைக்காரர் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நைனா பின்னாலேயே ஏறி வந்தார்.

"நைனா, இந்த டின் எதை அளக்கும்?"

"அது இன்னாத்துக்கும்மா அளக்கணும்? கீழ கீறவன் நம்புனா போதும்." கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். "அத்த வுடுங்க. உங்களுக்கு மூச்சு எப்டி கீது?"

"நல்லா இருக்கு நைனா" என்றேன்.

படியேறி வந்ததில் அவருக்குத்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்து, பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன்.