பிரைவசி கேட்டவன் வீடு

கரக், கரக், கரக்.

கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவேன், என் மனைவி உனைசி தேங்காய் துருவுகிறாள். கூடவே ஒரு குறட்டை. நியாயமாக அது என்னுடையதாக இருக்கவேண்டும். கண்ணைத் திறந்தால், என் பாயில், என் தலையணையில், என் மாமன் மகன் இலைத்தியா.

நான் கடற்கரை ஓட்டல் ஒன்றில் இரவுக் காவல்காரன். ஊர் தூங்கும்போது விழித்திருப்பது என் வேலை. ஊர் விழித்திருக்கும்போது தூங்குவது என் பிரச்சினை. எங்கள் ஃபிஜிக் கிராமத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. வாசலில் யார் தலை தெரிந்தாலும் சாப்பிடக் கூப்பிடவேண்டும். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லி நடையைக் கட்டுவது வருகிறவர் மரியாதை. இலைத்தியா அந்த மரியாதை தெரியாதவன். சாப்பிடுவான், சாய்வான், எழுந்து போகும்போது எதையாவது கேட்பான். கேட்டதை இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. என் மண்வெட்டி, என் மழைக்கோட்டு எல்லாம் அவன் வீட்டில்தான் குடியிருக்கின்றன.

போன வாரம் ஓட்டல் வாசலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். மேனேஜர் எழுப்பினார். இன்னொரு முறை பார்த்தால் ஒரேயடியாக வீட்டிலேயே போய்த் தூங்கலாம் என்றார். பாவம், என் வீட்டை அவர் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சொல் கிடைத்தது. விழித்திருப்பவனுக்கு ராத்திரி ரொம்ப நீளம். யாரோ விட்டுப்போன, அட்டை கிழிந்த ஆங்கில அகராதிதான் எனக்குத் துணை. அதில் பிரைவசி என்று ஒரு பெயர்ச்சொல். பிறர் தொந்தரவில்லாமல் தனியாக இருக்கும் நிலை என்று பொருள் போட்டிருந்தது. படித்ததும் எனக்குக் கண் கொஞ்சம் கலங்கியது.

காலையில் உனைசிக்குப் பாடம் நடத்தினேன்.

"பிரைவசின்னா என்னங்க, சாமானா?"

"சாமான் இல்ல, நிலைமை. ஒண்ணு ரெண்டுன்னு எண்ண முடியாது. எனக்குப் பிரைவசி வேணும்னு சொல்லணும்."

"சொன்னா?"

"வீட்டுக்குள்ள யாரும் வரமாட்டாங்க."

"சாவு வீட்டுலகூட அப்படி நடக்காதேங்க."

"அதான் நம்ம மொழியில அதுக்கு வார்த்தையே இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, நாளைக்குச் சர்ச் சபைப் பெண்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் முறை என்றும், நான் சேம்பு தோண்டி, ஒரு மூட்டைத் தேங்காயைத் துருவித் தரவேண்டும் என்றும் ஞாபகப்படுத்தினாள். புதுச் சொல்லை உடனே வாக்கியத்தில் அமைத்துக் காட்டினேன்.

"நாளைக்கு எனக்குப் பிரைவசி வேணும்."

"சரிங்க," என்றாள்.

அவள் சரிங்க என்றபோதெல்லாம் எனக்கு ஏதாவது ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அது உறைக்கவில்லை.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்தேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அவளே சாத்தினாள். வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனாள். இருட்டு. அமைதி. அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

எழுப்பியது ஒரு பாட்டு. பல குரலில், மெதுவாக, ஜன்னலுக்கு அடியில். சவ அடக்கத்துக்குப் பாடுகிற பாட்டு.

கதவைத் திறந்தேன். பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. புதுப் பாய்கள், வெந்த சேம்பு, மீன் சட்டிகள், முழுசாகச் சுட்ட ஒரு பன்றி. என்னைப் பார்த்ததும் போதகர் புத்தகத்தை மூடினார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. முன்வரிசையில் இலைத்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்தது என் காவல்காரச் சட்டை.

"எழுந்துட்டியா மச்சான்?" என்றான். "சட்டை கொஞ்சம் இறுக்கமா இருக்கு. பரவால்ல."

உனைசியை ஓரமாகக் கூப்பிட்டேன். இவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக்குடுத்ததைத்தான் சொன்னேன். தனியா இருக்கணுமாம், யாரும் உள்ள வரக்கூடாதாம்னேன். நல்லா இருக்கிற மனுஷன் அப்படிக் கேப்பானாங்க?"

சாகக் கிடக்கிறவன் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. சபைப் பெண்கள் அதற்குள் பந்தி விரித்துவிட்டார்கள். எங்கள் முறைச் சாப்பாடு, ஊரார் சமையலில் அமர்க்களமாக நடந்தது.

"அப்ப என் தூக்கம்?"

"ராத்திரி தூங்குங்க. உங்களுக்குப் பதிலா இலைத்தியா போறான். மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு. பகலெல்லாம் நம்ம வீட்டுல தூங்கறவன், ராத்திரி நல்லா முழிச்சிருப்பான்."

ஆனாலும் ஆம்பிளை இல்லையா, விடவில்லை.

"அதெல்லாம் சரி. நான் கேட்ட பிரைவசி எங்கே?"

சமையல் கொட்டகைக்குப் பின்னால் கை காட்டினாள். அங்கே துருவுபலகை இருந்தது. பக்கத்தில் அந்தத் தேங்காய் மூட்டை.

"எல்லாம் வந்துடுச்சு, தேங்காய்ப்பால் மட்டும் யாரும் கொண்டுவரல. அங்க போய் உக்காருங்க. ஒருத்தர் எட்டிப் பாக்க மாட்டாங்க."

போய் உட்கார்ந்தேன். மூட்டையைப் பார்த்ததும் இலைத்தியாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். அகராதியில் போட்டிருந்தபடியே இருந்தது.

ஒரு மூடியைத் துருவி முடித்து, அடுத்ததை எடுத்தேன்.