ப்ரேபெனுக்கு லஞ்சம் வாங்கத் தெரியாது

“கட்! ப்ரேபென், அது லஞ்சம்! பிறந்தநாள் பரிசு இல்ல!”

இயக்குநர் ஸிக்னே கத்துவது இது ஆறாவது தடவை. மேஜைக்குப் பின்னால் ப்ரேபென், பிரித்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

“வாங்கின உடனே எதுக்குப் பிரிச்ச?”

“கொடுத்தவர் முன்னாடியே பிரிச்சுப் பாக்கறதுதானே மரியாதை?”

“‘அடடா, இதெல்லாம் எதுக்கு’ன்னு வேற சொன்ன. அது ஸ்கிரிப்ட்லயே இல்ல.”

“தானா வந்துடுச்சு, ஸிக்னே.”

கோபன்ஹேகன் துறைமுகத்தில் பழைய கப்பல் பட்டறை ஒன்று. பிப்ரவரிக் குளிர். உள்ளே ‘நாற்பதாயிரம் மூட்டை’ என்ற அரசியல் த்ரில்லர் தயாராகிக்கொண்டிருந்தது. பஞ்சத்தில் வாடும் நாட்டுக்கு அனுப்பிய தானியம் நடுவழியில் மாயமாகிற கதை. அதற்குக் கண்ணை மூடிக்கொள்ளும் நிவாரண அதிகாரி ஹோல்கராக ப்ரேபென்.

ஐம்பத்தெட்டு வயது. கடந்த பதினைந்து வருடமாகக் குழந்தைகள் நாடகத்தில் குதிரையின் பின்னங்கால்கள் அவர்தான். முகம் தெரிகிற வேடம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஒரே சிக்கல், வாழ்க்கையில் ஒருமுறைகூட டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறாத மனிதர்.

தயாரிப்பாளர் ஃப்ளெமிங் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“நாலு மணிக்குள்ள இந்த ஷாட் முடியணும். இல்லன்னா மால்மோவிலேருந்து ஒருத்தனை வரவழைச்சுடுவேன். ரயில்ல முப்பத்தஞ்சு நிமிஷம்.”

“சுவீடன்காரனா?” கேமராமேன் அதிர்ந்து போனார்.

“அவனுங்க முகத்தைப் பார்த்தா எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் இப்ப வேணும்.”

ப்ரேபென் ஸ்கிரிப்டை எடுத்து மறுபடி புரட்டினார்.

காபி இடைவேளையில் ஹீபோ அவரை மடக்கினாள். மற்ற நாட்களில் பல் மருத்துவமனை உதவியாளர். இந்த வாரம், அறுபது துணை நடிகர்களோடு பஞ்ச முகாமில் நிற்கிறாள். மெல்லிய பருத்தித் துணி. ஹீட்டர் சத்தம் ஒலிப்பதிவில் விழுகிறது என்று அதையும் அணைத்துவிட்டார்கள்.

“பிரதிநிதி அவர்களே, எங்களுக்குச் சூடா சூப் கேக்கறேன்னீங்களே, என்னாச்சு?”

ப்ரேபென் தொழிலாளர் பிரதிநிதியும்கூட. முதல் நாள் கூட்டத்தில், “யார் பொறுப்பேற்கிறீர்கள்?” என்று கேட்ட நேரம் பார்த்துக் கைகளைத் தூக்கிச் சோம்பல் முறித்தார். ஏகமனதாகத் தேர்வு செய்துவிட்டார்கள்.

“கேக்கணும்னுதான் இருக்கேன், ஹீபோ…”

“நாலு நாளா இருக்க! உங்களுக்கெல்லாம் ஆவி பறக்கற சாப்பாடு. எங்களுக்கு ஜில்லுனு ரொட்டி. கேட்டா, பசியில வாடின மாதிரி தெரியணுமாம். நேத்து மூஸா பெரியவர் நடுங்கினாரே, பிரமாதமான நடிப்புன்னு ஸிக்னே கைதட்டினா. அவருக்கு எழுபத்தோரு வயசு. அது நடிப்பில்ல, குளிர்!”

ப்ரேபெனுக்கு முகம் சிவந்தது.

“இன்னிக்கு ஃப்ளெமிங்கிட்டப் பேசிடறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மனதாரத்தான் சொன்னார்.

மறுபடி கேமரா ஓடியது. “சிரிக்காதே, பிரிக்காதே, நன்றி சொல்லாதே” என்று ஸிக்னே கட்டளை போட்டிருந்தாள். ப்ரேபென் அவற்றில் எதையும் செய்யவில்லை. உறையை வாங்கி, நாலு பக்கமும் பார்த்து, வியர்த்து, கோட்டுக்குள் செருகப் போய்த் தரையில் போட்டார்.

“எனக்கே போலீசைக் கூப்பிடணும்போல இருக்கு” என்றார் கேமராமேன்.

பத்தாவது டேக்குக்குப் பிறகு ஸிக்னே ஆலோசகரை அழைத்துவரச் சொன்னாள். விபெக்கே. முப்பது வருடம் நிவாரணப் பணியில் நாடு நாடாகச் சுற்றி ஓய்வு பெற்றவள். பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரோடு வந்தாள், உறையை ஏதோ விசித்திரப் பிராணியைப் போலப் பார்த்தாள்.

“இது என்ன?”

“லஞ்சம்.”

“உறையிலயா? என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல.”

“அப்புறம் எப்படித்தான் கொடுப்பாங்க?”

“கொடுக்கவே மாட்டாங்க, கண்ணு. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாங்க. உன் அறிக்கையை ஆகா ஓகோன்னு புகழ்வாங்க. பெரிய கமிட்டிக்கு உன் பேரைச் சொல்லியிருக்கோம்பாங்க. தானியத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.” ஊசியை ஒரு சுற்றுச் சுற்றினாள். “அப்புறம் நீயும் பேச மாட்ட.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். தப்புப் பண்றவன் முகத்துல பயம் இருக்கும்னு சினிமாக்காரங்க நினைக்கறீங்க. நான் பார்த்த முகத்துல எல்லாம் நிம்மதிதான் இருந்தது.” ஸ்வெட்டரில் ஒரு வரிசையை முடித்து, “கண்ணாடியில பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்றேன்” என்றாள்.

ஸிக்னே துள்ளி எழுந்தாள்.

“உறையைத் தூக்கு! இருட்டு வேண்டாம், எல்லா லைட்டையும் போடு! சாப்பாட்டு மேஜை! ஹெர்ரிங் மீன்!”

ஃப்ளெமிங் தலையில் கை வைத்தார். “இது த்ரில்லரா, சமையல் நிகழ்ச்சியா?”

நிலைமை இன்னும் மோசமானது. உறை இருந்தவரை ப்ரேபெனின் கைகளுக்கு ஏதோ வேலை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பன்னிரண்டாவது டேக்கில் முள்கரண்டி பறந்தது. பதினான்கில் மீன் தொண்டையில் சிக்கியது. எதிரே லஞ்சம் கொடுக்கிற நடிகர் டேக்குக்கு ஒரு தட்டு ஹெர்ரிங் தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்.

“ப்ரேபென் முகம் மட்டும்தானே ஃப்ரேம்ல? நான் வசனம் படிக்கிறேன்” என்று ஃப்ளெமிங் கேமராவை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

பதினேழாவது டேக். ப்ரேபெனுக்கு வசனமே மறந்துபோனது.

ஸிக்னே ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மணி மூன்றே முக்கால்.

ஃப்ளெமிங்கின் தோளுக்கு அப்பால், முகாம் கூடாரத்தின் முன் ஹீபோ நின்றிருந்தாள். கைகளைத் தேய்த்துக்கொண்டே ப்ரேபெனைப் பார்த்தாள். எப்படியும் வேடம் போகப் போகிறது, கொடுத்த வாக்கையாவது காப்பாற்றலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“ஃப்ளெமிங், ஒரு விஷயம் பேசணும்.”

ஃப்ளெமிங் ஸ்கிரிப்டை மூடினார். குரல் வழக்கத்துக்கு மாறாகக் கனிந்திருந்தது.

“முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன். அந்த சுவீடன்காரனை வேண்டாம்னுட்டேன்.”

“என்னது? ஏன்?”

“நீதான் எங்க ஆளு, ப்ரேபென். காலையிலேருந்து பாக்கறேன். வேற ஒருத்தனா இருந்தா ஓடியிருப்பான். போஸ்டர்ல உன் முகம் மட்டும் பெருசாப் போடலாம்னு இருக்கோம்.”

“என் முகமா?”

“அடுத்த படம் எழுதிட்டிருக்காங்க. அதுலயும் நீ இருக்க.” ஃப்ளெமிங் முன்னால் சாய்ந்தார். “சரி, நீ ஏதோ பேசணும்னியே?”

ப்ரேபென் ஹீபோவைப் பார்த்தார். ‘சொல்லு’ என்பதுபோல் அவள் தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால் மூஸா பெரியவர் உள்ளங்கைகளுக்குள் ஊதிக்கொண்டிருந்தார்.

ப்ரேபென் பார்வையைத் தட்டுக்குத் திருப்பினார்.

“ஒண்ணுமில்ல. அவசரமில்ல, அப்புறமாப் பாத்துக்கலாம்.”

மீனில் ஒரு துண்டை நேர்த்தியாக வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. முகத்தில் மெதுவாக ஒரு நிம்மதி பரவியது.

விபெக்கேயின் ஊசிகள் நின்றன. ஸிக்னே தலையை நிமிர்த்தி மானிட்டரைப் பார்த்தாள். பார்த்தபடியே எழுந்து நின்றாள்.

ஒலிப்பதிவாளர் டோர்டே, தன் கருவிப் பெட்டியின் பின்னாலிருந்து கேட்டாள்:

“ஸிக்னே, நீ இன்னும் ‘கட்’டே சொல்லலையே, எல்லாம் ஓடிட்டுத்தான் இருக்கு. இதைப் பதினேழுலயே சேர்க்கவா, இல்ல பதினெட்டு, ஓகேன்னு எழுதிக்கவா?”