கடைசிக் குழி

கிட்ட வந்து உட்காருங்க. இந்த மன்றத்து ஃபேன் போடுகிற சத்தத்தில் எட்ட இருந்தால் ஒன்றும் கேட்காது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கு மனமகிழ் மன்றத்தை மூடிவிட மேலிடம் முடிவு செய்திருந்தது. மகிழ ஆள் வரவில்லை என்பது காரணம். மூடினால், அதைத் திறந்து பெருக்கிப் பூட்டுகிற கான்ட்ராக்ட் பிரபாவதிக்கு வேலை போய்விடும். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

ஸ்டோர் ரூமைக் காலி செய்யும்போது ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி அகப்பட்டது. டிவியில் மாட்டினாள். குள்ள மனிதன் ஒருவன் ஓடினான், குழியில் விழுந்தான், செத்தான். மறுபடி முதலிலிருந்து. விட்ட இடத்திலிருந்து தொடர்கிற சலுகையெல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது.

சாமான்களைச் சரிபார்க்க வந்த மன்றச் செயலாளர் ஜெயகணேஷ் சார் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். விழுந்தார். பொழுது சாயும்வரை விழுந்துகொண்டே இருந்தார். மறுநாள் சிநேகிதர்களோடு வந்து விழுந்தார். அப்புறம் அதுவே ஃபேஷன் ஆகிவிட்டது. பையில் விலை உயர்ந்த போன் வைத்திருக்கிறவர்களெல்லாம் அந்தப் பெட்டிக்கு வரிசையில் நின்றார்கள். பகலெல்லாம் மைன்ஸ் குழியில் கிடந்துவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் ஹெல்மெட்டோடு வந்து இந்தக் குழியில் விழுந்தவர்களும் உண்டு. நானும் விழுந்தேன்.

பிறகு ஒரு சங்கடம் நேர்ந்தது. ஒரு ஆபீசர் விழுந்த குழியை அவருடைய டிரைவர் தாண்டிவிட்டார். அவசரக் கூட்டம் கூடியது. "அதிகாரி நிலையில் உள்ளோர் விழுந்தாலும் தாண்டியதாகவே கருதப்படுவர்" என்று தீர்மானம் நிறைவேறியது. பெட்டி தீர்மானத்தை மதிக்கவில்லை. ஆகவே குழியே இல்லாத புது ஆட்டம் ஒன்றைத் தருவித்தார்கள். எல்லோரும் ஜெயித்தார்கள். எல்லோருக்கும் கேடயம். அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கை கூட வரவில்லை.

மூடுகிற உத்தரவு மறுபடி கிளம்பியது. பிரபாவதி செயலாளரிடம் போனாள்.

"குழி இல்லாததாலதான் சார் யாரும் வர்றதில்ல. பழசையே மாட்டிடலாம் சார்."

"மூடின குழியைத் திறக்க ரூல் இல்லம்மா."

"இந்த ஊரே குழி தோண்டிகினுதான சார் பொழைக்குது?"

"அது நிலக்கரிக்கு. இது சந்தோஷத்துக்கு. வேற டிபார்ட்மென்ட்."

மன்றத்தைப் பூட்டிச் சாவி வாங்கிப்போகப் பெரிய அதிகாரி மருதமுத்து சார் வந்தார். அதற்குள் பிரபாவதி பழைய பெட்டியை மாட்டி வைத்திருந்தாள்.

"அத மட்டும் தொடாதீங்க சார். ரொம்பக் கஷ்டம். ஜெயகணேஷ் சாராலயே முடியல."

"ஜெயகணேஷால எதுதான் முடிஞ்சிருக்கு?"

உட்கார்ந்தார். விழுந்தார். டீ ஆறியது. வெளியே காரில் டிரைவர் குறட்டை விட்டார். பொழுது சாய்ந்து எழுந்தவர் உத்தரவிட்டார்: "நான் கடைசிக் குழியைத் தாண்டும் வரை இந்த மன்றம் மூடப்படலாகாது."

தினமும் வந்தார். மன்றத்தில் திரும்பவும் கூட்டம். ஒருநாள் கடைசிக் குழிக்கே வந்துவிட்டார். குள்ளன் குதித்தான். திரை இருண்டது.

"என்னாச்சும்மா?"

"கரண்ட் பூட்ச்சி சார்."

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற நெய்வேலியில் கரண்ட் போவது சின்ன விஷயமா? ஜெயகணேஷ் சார் தலைமையில் விசாரணைக் கமிட்டி போட்டார்கள். கமிட்டி இதே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, வியர்வை ஆற்றிக்கொண்டு, மின்தடை ஏற்பட்டது உண்மையே என்று கண்டறிந்தது. மருதமுத்து சார் முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்னும் ஆரம்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

யார் ஜெயித்தாலும் ஆட்டம் ருசி கெட்டுவிடும், ஆள் நின்றுவிடும். அது பிரபாவதிக்குத் தெரியும். நேற்று நானே கடைசிக் குழி வரை போய்விட்டேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டால் நாளைக்கு எங்கே போவது என்று எனக்குப் பயம். ஓரக்கண்ணால் பார்த்தேன். பிரபாவதி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள், செருப்பைக் கழற்றினாள், தரையோரம் கிடந்த டிவி சுவிட்சுப் பெட்டியின் மேல் கால் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.