பசைவாளியும் மாடிவீட்டு ஆடும்

வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூன் பஞ்சாயத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒட்டாத நோட்டீஸை வைத்தே ஊரை ஆண்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவருடைய நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. பசைவாளி என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும்.

பாகூர்ப் பக்கம் ஓர் அரசாங்க வாடகைக் குடியிருப்பில் நான் சில வருடங்கள் இருந்தேன். அதற்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் அவர். விதியை மீறுகிறவர்கள் கதவில் ‘காலி செய்’ நோட்டீஸ் ஒட்டுவது அவர் வேலை. அதற்காக மொபெட்டின் முன்னால் மைதாப் பசை வாளி ஒன்று எப்போதும் தொங்கும். வாளி தெருமுனையில் தெரிந்தாலே மாடிப்படியில் காயும் நெல் மாயமாகிவிடும். குழாயடிச் சண்டை குசல விசாரிப்பாக மாறிவிடும். ஆனால் அவர் நோட்டீஸ் ஒட்டி நான் பார்த்ததே இல்லை. பசை காய்ந்து பாறையாகிவிட்டதால், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் பஞ்சாயத்து செய்வார்.

அவர் வைத்தியமே தனி. ஒரு வீட்டில் டிவி சத்தம் தெருவைத் தாண்டியது. மனிதர் திட்டவில்லை. தினமும் சீரியல் நேரத்துக்குச் சரியாகப் போய், நடுக்கூடத்தில் உட்கார்ந்து, “இந்தப் பொண்ணு யாரும்மா? ஏன் அழுவுது? அவன் இன்னா இவளுக்கு அண்ணனா?” என்று ஆரம்பிப்பார். பதில் சொல்லியே ஓய்ந்து போனார்கள். அப்புறம் அந்த வீட்டில் டிவி வாயைத் திறக்கவே பயந்தது.

அவருக்கே தண்ணி காட்டிய ஆள் ஒருத்தி உண்டு. என் வீட்டுக்கு மேல்மாடி அஞ்சலை. கரும்பு வெட்டப் போகிறவள். மகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். வீட்டுக்குள் ஓர் ஆடு வளர்த்தாள். அது பகல் முழுக்கப் படியிறங்கி வந்து, கீழ்வீட்டுக் கண்டக்டரின் கனகாம்பரத்தைத் தின்றுவிட்டு, என் வாசலில் புழுக்கை போட்டுவிட்டு மேலே போய்விடும். கண்டக்டர் ரிட்டயர் ஆனவர், மனைவியை இழந்தவர், குரலை மட்டும் இழக்காதவர். அவர் ஆட்டைத் திட்டினால் மெயின் ரோட்டில் பஸ் நிற்கும்.

ஒருநாள் கண்டக்டர் நேராகத் தலைமை அலுவலகத்துக்கே மனு கொடுத்துவிட்டார். உத்தரவு வந்தது: ஆடு போக வேண்டும், இல்லாவிட்டால் அஞ்சலை போக வேண்டும். அடுத்த வாரம் அதிகாரியே பார்க்க வருகிறார்.

பசைவாளி மேலே ஏறினார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன்.

“ஆட்ட வித்துடும்மா.”

“சினையா இருக்குது சார். எங்கையில இருக்கிற சொத்தே அதான்.”

“சரி, கீழ ஒரு வூடு காலியா இருக்குது. பின்னாடி மண்தரை. அங்கயே கட்டிக்க. மாத்திக் குடுக்கறேன்.”

அஞ்சலைக்கு முகம் வெளுத்துவிட்டது. “கீழயா? வேணாம் சார். குடிசையில இருந்தப்போ, மழன்னா தண்ணி உள்ள பூந்துரும். புள்ளையத் தோள்ல போட்டுகினு விடிய விடிய நின்னிருக்கேன். இந்த மாடிக்கு வந்தப்புறம்தான் மழ சத்தத்துல தூங்கறேன். கீழ மட்டும் போவமாட்டேன்.”

பசைவாளி ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

“கண்டக்டரே, ஆட்ட ஜப்தி பண்ணிட்டேன்.”

“சபாஷ்! எடுத்துகினு போங்க சார்.”

“எங்க எடுத்துகினு போறது? ஆபீஸ்ல பைல் வெக்கவே எடமில்ல. கேஸ் முடியற வரைக்கும், புகார் குடுத்தவர்தான் ஜப்தி சாமானுக்குப் பொறுப்பு. ரூல்.”

“அப்பிடி ஒரு ரூலா?”

“பிரெஞ்சுக்காரன் காலத்து ரூல்.”

பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் இதைச் சொல்லிவிட்டால் எதிர்ப்பேச்சு கிடையாது. அந்தக் காலத்து ரூல் என்னவென்று படித்தவனுக்கும் தெரியாது, படிக்காதவனுக்கும் தெரியாது. கண்டக்டர் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் ராத்திரி அவரும் ஆடும் போட்டி போட்டுக் கத்தினார்கள். மறுநாள் திட்டிக்கொண்டே ஏரிக்கரைக்கு மேய்க்க ஓட்டிப் போனார். அதற்கடுத்த நாள் “ராஜாத்தி” என்று கூப்பிடும் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன், கூப்பிட்டது ஆட்டைத்தான். அஞ்சலை அகத்திக்கீரையோடு வந்தால், “சினை ஆட்டுக்கு இவ்ளோதானா தழை? உனக்கு மனசாட்சி இருக்குதா?” என்று அவளையே விரட்டினார். வாரம் முடிவதற்குள் மதிலுக்குப் பின்னால் இருந்த தென்னந்தோப்புக்காரரிடம் கெஞ்சி, அங்கே ஒரு கீற்றுக் கொட்டகையும் போட்டுவிட்டார்.

அதிகாரி வந்தார். மேல்மாடி வரை மோப்பம் பிடித்துவிட்டுக் கீழே வந்து கண்டக்டரைக் கேட்டார்: “நீங்கதானே மனு குடுத்தது? ஆடு எங்க?”

“இன்னா ஆடு சார்?” என்றார் கண்டக்டர்.

மதிலுக்கு அப்பால் ராஜாத்தி “மே” என்றது.

“அது தோப்புக்காரர் எடம் சார். நம்ம எல்லைல வராது” என்று முந்திக்கொண்டார் கண்டக்டர்.

பசைவாளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலையின் வீடு பிழைத்தது.

அந்த ஐப்பசியில் மழை பேய்மழையாகக் கொட்டியது. கொட்டகை சாய்ந்து, கீழ்வீடுகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. கண்டக்டர், புதிதாகப் பிறந்த குட்டிகள் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, ராஜாத்தியோடு படிக்கட்டில் திகைத்து நின்றார். மேலிருந்து அஞ்சலை சத்தம் போட்டாள்: “அங்க நின்னுகினு இன்னா யோசன? மேல வாண்ணே!”

பொழுது சாய்வதற்குள் பசைவாளி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்துவிட்டார். வீடு வீடாக ஆள் பத்திரமா என்று பார்த்துக்கொண்டே மேல்மாடிக்கு ஏறினார். அங்கே கண்டக்டர் கையில் டீ டம்ளர், மூலையில் ராஜாத்தி, பாயில் குட்டிகள். விதி விதிதான், அரசாங்க வீட்டுக்குள் ஆட்டுக் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது.

பசைவாளி குனிந்து, தன் துண்டால் ஒரு குட்டியின் காதைத் துவட்டினார். “நடுங்குது பாரு. ஒரு சாக்கு போடும்மா” என்றார். வெளியே வந்து, வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

“நீங்க எதனா பாத்தீங்களா சார்?”

“இல்லியே.”

“நானும் பாக்கல” என்று சொல்லிவிட்டு, ஈரச் சட்டையைப் பிழிந்தபடி இறங்கிப் போனார்.

இப்போது நான் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன்: வீட்டுக்காரர் ஸ்தானத்தில் கடைசிவரை அந்த மனுஷனே இருப்பதாக இருந்திருந்தால், ஆயுசுக்கும் வாடகைக்கே இருந்திருப்பேன்.