மாணிக்கவேலின் பீங்கான் கெண்டைகள்

"வர்ற வெள்ளிக்கிழமை உங்க ஏரிக்கு மேல பிளேன்ல பறக்கப் போறோம் சார். தண்ணிக்குள்ள லேசர் அடிச்சா, மீன் மேல பட்டு வெளிச்சம் திரும்பி வரும். எத்தனை மீன் இருக்குதுன்னு எண்ணிடலாம்" என்று போனில் சொன்னாள் இளமதி. சென்னையில் கடல் மீன் வளத்தை ஆராய்கிறவள்.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த மாணிக்கவேல் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கடல்ல எண்ணுங்க மேடம். எங்க ஏரி எதுக்கு?"

"கடலுக்குப் போறதுக்கு முன்னாடி மெஷினை இங்க ஒரு டெஸ்ட் பண்ணிக்கிறோம் சார்."

ஆடி மாதம் அவர் வாங்கிவந்த ஐம்பதாயிரம் மீன் குஞ்சுகளும், பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு லாரியிலேயே செத்துப்போயின. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "ஏரில வுட்டாச்சு" என்று ஊரில் சொல்லி வைத்தார். மீன் வளர்ப்போர் சங்கத்தில் அவரைத் தலைவராக்கிச் சால்வையும் போர்த்திவிட்டார்கள். இப்போது வானத்திலிருந்து எண்ண வருகிறார்கள்!

மனைவி வளர்மதி பொம்மை செய்யும் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்து ஓய்ந்தபின், "எங்க பட்டறைல மீனு அச்சு இருக்குது. கழிச்சுப் போட்ட கெண்டையே எரநூறு கெடக்குது, எடுத்தாரவா?" என்றாள்.

புதன்கிழமை இருநூறு பீங்கான் கெண்டைகளும் ஏரியில் இறங்கின. இறங்கியவை நேரே சேற்றில் போய்ப் புதைந்தன.

"செத்த மீனுகூட மெதக்குமேங்க" என்றாள் வளர்மதி.

மாணிக்கவேல் முங்கி முங்கி அத்தனையையும் எடுத்து, நைலான் கயிற்றில் கட்டி, காலி தண்ணீர் பாட்டில்களில் தொங்கவிட்டார். பாட்டில்கள் வெயிலில் மின்னின. அவற்றை மறைக்க ஆகாயத்தாமரையைப் பரப்பினார். பச்சைக்கு நடுவே பளபளவென்று வால்கள் தெரிய, வியாழக்கிழமைக்குள் கொக்குகள் கூட்டமாக வந்து இறங்கின. கொக்கைப் பார்த்துப் பக்கத்து ஊரான நல்லூர்க்காரர்கள் வலையோடு வந்தார்கள்.

அவர்களில் மாயவன் என்பவன் வலையை இழுத்தான். உள்ளே 'டங்'கென்று சத்தம்.

"அண்ணே, இந்த மீனு சட்டில வேவுமா, சட்டியே ஒடஞ்சிடுமா?"

"அது புது ரகம்டா! கைய வெக்காத, போ!"

கொக்கையும் மாயவனையும் மாறி மாறி விரட்டியதில் அவருக்குத் தொண்டை கட்டிப்போனது.

வெள்ளிக்கிழமை காலை விமானம் தாழப் பறந்து வந்தது. ஒருமுறை, இருமுறை, ஐந்துமுறை வட்டமடித்தது. மாணிக்கவேல் கரையில் நின்று கொளஞ்சியப்பருக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார். முருகனுக்குக் கிடாயா என்று வளர்மதி அதட்டியதும், மொட்டைக்கு மாற்றிக்கொண்டார்.

மாலையில் இளமதி ஜீப்பில் வந்தாள். முகம் வாடியிருந்தது. மடிக்கணினியைத் திறந்து காட்டினாள்.

"நூத்தி எண்பத்தாறு மீன் சார். ஒண்ணுகூட நீந்தல. எல்லாம் ஒரே ஆழத்துல அப்படியே நிக்குது."

"நல்லா வளர்த்த மீனுங்க மேடம். ஒழுக்கமா நிக்கும்."

பதினாலு குறைகிறதே, மாயவன் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் தப்பித்தோம் என்று முகமெல்லாம் பல்லாக, "அப்ப டெஸ்ட் பாஸுதானே?" என்றார்.

இளமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பெயில் சார். மெஷினைப் பிரிச்சுப் பாக்கணும். கடல் பயணம் ஒரு மாசம் தள்ளிப் போகுது."

"மீனு இருந்தா எப்பிடி மேடம் பெயிலாவும்?"

ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் கோதண்டபாணி எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"மீனே இல்லாத தண்ணில மெஷின் சைபர் காட்டுதான்னு பாக்கத்தானே சார் வந்தோம்! அப்பிடி ஒரு ஏரி வேணும்னு விருத்தாசலத்துல விசாரிச்சா, கேட்ட அத்தனை பேரும் உங்க ஏரியத்தான் சொன்னாங்க!"