ஏரி உடைந்தால் ஏற வேண்டிய பஸ்

செஞ்சி,
கார்த்திகை, வியாழன்.

தொண்டூர் சீதளநாதன் மாமா அவர்களுக்கு அஜிததாஸ் நமஸ்காரம். அங்கே அனைவரும் சுகமாயிருக்க அருகனை வேண்டுகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவது முறை. இடுப்பளவு தண்ணீரில் நின்று சளி பிடித்தவன் பொய் எழுதக் கூடாது.

சிங்கவரம் போகும் வழியில் ஏரிக்குக் கீழே நாற்பது வீடு இருக்கிறதல்லவா, கரை உடைந்தால் அவர்களை எப்படி மேட்டுக்குக் கொண்டுபோவது என்று ஓவர்சியராகிய நான் ஒரு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். வீட்டுக்கு எத்தனை தலை, பஸ் எங்கே திரும்பும், யார் முதலில் ஏறுவது, எல்லாம் வரைபடத்தில். இரண்டு பஸ், வண்டிக்கு இரண்டு நடை, ஊர் காலி. "பஸ் வரும், யாரும் தானாகக் கிளம்பக் கூடாது" என்று தமுக்கும் அடித்தாயிற்று. செவ்வாய் காலை கரை கசிந்தது. பஸ் முதலாளி கோதண்டராமன் உடனே இரண்டு வண்டி கொடுத்தார், கைவசமிருந்த 'ஸ்பெஷல்' போர்டை மாட்டி. அன்றைக்கு அமாவாசை. ஜைனராகிய நமக்கு ஏது அந்தக் கணக்கு? பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக ஜனம் ஏறிக்கொண்டு, இரண்டு வண்டியும் நேராக மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டன. பிறகு கண்டக்டர் ரங்கநாதனைப் பிடித்துக் கேட்டால், "இன்னா சார், அமாவாசையன்னிக்கு ஸ்பெஷல் வேற எங்க போவும்? எறங்குன்னா எவன் எறங்கறான்? உள்ளயே சாமி வந்து ஆடறாங்க!" என்கிறான்.

மணல் மூட்டைக்கு அலைந்துவிட்டு நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். நாற்பது வீட்டாரும் மூட்டை முடிச்சோடு, என் படத்தில் உள்ளபடியே வரிசையாக, பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்! தண்ணீர் இடுப்புக்கு ஏறும்வரை நின்று தொண்டை கிழியக் கத்தி விரட்டினேன். ஆட்கள் பிழைத்தார்கள், அந்தத் தெருச் சவரியம்மாளின் மூன்று ஆடும் வெள்ளத்தில் போயின. மேட்டில் பெரியவர் பாக்கியசாமி கேட்டார்: "ஓவர்சியர் தம்பி, மேடு கூப்புடு தூரம். உன் பிளான் இல்லாங்காட்டி விடியறப்பவே நடந்து வந்திருப்போம், ஆட்டையும் ஓட்டிக்கினு."

அதை அப்படியே மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன், மாமா. பதில் வந்தது: 'திட்டம் நன்று, அமாவாசை அல்லாத நாளில் நிறைவேற்றியிருக்கலாம்.' வெள்ளத்துக்குப் பஞ்சாங்கம் அனுப்பச் சொல்கிறார்கள்.

ராஜினாமா எழுதிவிட்டேன். ஞாயிறன்று வருகிறேன், உங்கள் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கவாவது ஒரு வேலை கொடுங்கள். அத்தைக்கு நமஸ்காரம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எல்லோரும் நீடூழி வாழ்க.

அஜிததாஸ்

பி.கு.: ஜனம் நேற்றுத்தான் வீடு திரும்பியது, அதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது, ஏரிக்கரையின் வடகோடியும் கசிகிறதாம். ஞாயிறன்று வரவில்லை. பாக்கியசாமி சொல்லச் சொல்ல ராஜினாமாத் தாளின் பின்பக்கத்தில் புதுத் திட்டம் எழுதுகிறேன்: எல்லோரும் இப்போதே நடப்பது, நடக்க முடியாத ஏழு பேருக்கு மட்டும் மாட்டுவண்டி. ஒரு வண்டி குறைகிறது. இதைக் கொண்டுவரும் காஸ்பரிடமே உங்கள் வண்டியை மாட்டோடு கொடுத்தனுப்பவும்.