மூன்று கஜ ஒயரும் என் கூறைப்புடவையும்

மாதுங்கா,
நவராத்திரி இரண்டாம் நாள், 1944

சிரஞ்சீவி அனந்தகிருஷ்ணனுக்கு அக்கா விசாலாக்ஷி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் கூறைப்புடவையைத் தவிர. ரேடியோ என்ஜினீயரான நீதான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக, பல்கூடத் தேய்க்காமல், அந்தப் புடவையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். ரேஷன் புண்ணியத்தில் டின்னில் தாராளமாக இடம் இருக்கிறது. உன் அத்திம்பேர் சமாஜத்துக்குக் காரியதரிசி ஆகிவிட்டார் அல்லவா? சனிக்கிழமை நவராத்திரிக் கச்சேரிக்கு மைக் செட் வாடகைக்கு எடுத்திருக்கிறார். ஹாலில் வைத்தால் யாராவது தொட்டுவிடுவார்களாம். ஆகவே அது எங்கள் கூடத்தில் கொலுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டிருக்கிறது. மைக்குக்கும் ஆம்பிளிபயர் பெட்டிக்கும் நடுவே ஓடுவது மூன்று கஜ இரட்டை ஒயர். அதற்கு மேலே உலோகப் பின்னல் உறை வேண்டும் என்பது இவர் கட்சி. வேண்டாம் என்பது டெலிபோன் வேலை பார்க்கும் அடுத்த வீட்டு வெங்கடராமன் கட்சி.

"ஒயர் வெத்து மேலோட கிடக்கு, முனகாம என்ன ஓய் பண்ணும்?"

"அண்ணா, டெலிபோன் கம்பி மைல் கணக்கா உறையில்லாமத்தான் ஓடறது. உங்க மூணு கஜத்துக்குச் சட்டை தைக்கணுமா?"

"டெலிபோன்ல உம்ம குரல் கேக்கற லட்சணம் தெரியாதா? காக்கா கத்தறாப்ல!"

உறை போட்ட ஒயர் லோஹார் சால் எலெக்ட்ரிக் கடைத்தெரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. உடனே இவர் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றலாம் என்று, ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் குனிந்து குனிந்து காலிப் பெட்டிகளைப் பொறுக்கினார். அதை இவருடைய ஆபீஸ் சூப்பிரண்டு பார்த்துவிட்டு, "மகாதேவன், கஷ்டமா இருந்தா என்னைக் கேக்கப்படாதோ?" என்று கண் கலங்கித் தன் பெட்டியையே நீட்டியிருக்கிறார். ஜன்மத்தில் புகைக்காத மனுஷர் அதையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் ஒயரில் சுற்றிய காகிதம் மடக்கும் இடமெல்லாம் கிழிந்தது, முனகலும் போகவில்லை. அப்போதுதான் இவர் பார்வை என் புடவைப் பெட்டியின் மேல் விழுந்தது.

"வெள்ளி ஜரிகை, விசாலம்! அதைவிட ஒசந்த உறை உண்டோ? பார்டரை மட்டும் கத்தரிச்சாப் போறும். சும்மாத்தானே கிடக்கு."

"ஞாயித்துக்கிழமை நீங்களுந்தான் சும்மா கிடக்கேள். கத்தரியா எடுத்தேன்?"

காலேஜில் படித்த பௌதிகத்தை நினைத்துப் பார்த்தேன். வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறுகிறது. ஆம்பிளிபயர் அந்த இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இரைச்சல் பூஜ்யம். இவர் ஒரு காதிலும் இவர் தங்கை மறு காதிலும் ஒரே குறையைச் சொல்லும்போது நான் நிம்மதியாக இருப்பது இந்தத் தத்துவத்தால்தான் போலும். ஆனால் கம்பிகள் முறுக்கிக்கொண்டு இருக்க வேண்டும். இங்கேயோ மனஸ்தாபம் வந்த ஓர்ப்படிகள் மாதிரி தனித்தனியே கிடக்கின்றன, அதிலும் ஒன்று லைட் ஒயரை ஒட்டிக்கொண்டு. இதைச் சொன்னேன். "சுண்டல் ஆச்சா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கத்தரிக்கோல் எடுப்பாராம். ‘உறை அவசியமில்லை’ என்று உடனே தந்தி அடி. மைத்துனன் சொன்னால் பௌதிகம். நான் சொன்னால் சுண்டல்.

குழந்தைகளுக்கு என் அன்பு. அம்பாள் கிருபையால் உங்கள் ஆத்தில் எந்தப் பெட்டியும் முனகாமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
விசாலாக்ஷி

பின்குறிப்பு: தந்தி வேண்டாம். இவர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் நானே இரண்டு கம்பியையும் ஜடை பின்னுவதுபோல் முறுக்கி, மேலே அந்தக் கிழிந்த காகிதத்தையே சுற்றி, லைட் ஒயரை விட்டுத் தள்ளிப் போட்டேன். சாயங்காலம் துளி முனகல் இல்லை. "பாத்தியா, சிகரெட் காகிதம் வேலை செய்யறது!" என்றார். புடவை பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில் தம்முடைய வரவேற்புரையை மைக்கில் ஒத்திகை பார்த்தார். முழுவதும். அட்சரம் பிசகாமல் கிங்ஸ் சர்க்கிள் வரை கேட்டது. சனிக்கிழமை இது முடிந்த பிறகுதான் பாட்டாம். ஆகவே இவர் மேடை ஏறும் சமயம் அந்தக் கம்பிகளைப் பிரித்து, மறுபடி லைட் ஒயரோடு சேர்த்துவிடப் போகிறேன். பாட்டுக்கு முன்னால் முறுக்கிக்கொள்ளலாம். இன்னும் யாரிடமும் மூச்சு விடவில்லை.